பீச்சாங்கைப் பக்கத்துச் சன்னல்

அப்பாவின் சிவப்புத் துண்டில் புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாடை எப்போதும் இருக்கும். பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர், எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. அந்தத் துண்டைத் திருடிக்கொண்டுதான், எட்டு வயதில், கடலோரத் திடலுக்கு ஓடினேன். என் அக்கா கல்யாணம் முடிந்து கோலாலம்பூருக்குப் பிளேனில் போகிற நாள் அது. எங்கள் லைன் வீடுகளில் அதுவரை பிளேன் ஏறியவர் யாரும் இல்லை. அத்தான் வீட்டாருக்கு வசதி கொஞ்சம், ஜம்பம் நிறைய.

அம்மா முகம் எனக்கு நினைவில்லை. தலை வாரி, பேன் பார்த்து, முதுகில் நாலு சாத்தி வளர்த்தவள் அக்காதான். முந்தின நாள் நான் சோறு தின்னாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, காதருகே வந்து சொன்னாள்:

"பிளேன் ஏறினதும் டவுன ஒட்டித்தான் போவுமாம், அத்தான் சொன்னாரு. நான் பீச்சாங்கைப் பக்கத்துச் சன்னல்ல உக்காந்துக்கறேன். நீ திடல்ல நின்னு துண்ட ஆட்டு. ஆனா அழுவக்கூடாது, சொல்லிட்டேன்."

'இடது' என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தவர்களுக்கு. எங்களுக்கு ஒன்று 'சோத்தாங்கை', மற்றது இது.

பிளேன் வந்தது, புறா அளவுக்கு. கை வலிக்க ஆட்டினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அந்தத் துண்டிலேயே மூக்கைச் சிந்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நாலு பக்கமும் திரும்பி உறுதி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தீபாவளிக்கு வந்த அக்கா, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள். "எல்லாம் பாத்தேன்டி! துண்ட ஆட்டறத விட்டுட்டு அதுலயே மூக்கச் சிந்தினியே. அழுவாதன்னு சொன்னேன்ல?"

அதற்கப்புறம் எந்தப் பிளேன் சத்தம் கேட்டாலும் துண்டோடு திடலுக்கு ஓடுவேன். ரொட்டிக்கடை பாய்க்கு நான் தினசரி வேடிக்கை. "அடியே, ஒங்க அக்கா தெனமுமா பிளேன்ல போறா? கை காட்டினா நிக்கறதுக்கு இது பஸ் இல்ல லா!" என்பார். நான் கண்டுகொள்ளவில்லை. மேலே இருந்து பார்க்க ஆள் இருக்கிறது என்ற தெம்பில் கல்யாணம், பிள்ளைப்பேறு, தாலி இழந்தது எல்லாவற்றையும் தாண்டிவிட்டேன்.

போன மாதம் ஒரு காலையில் அக்கா மகன் கூப்பிட்டான். "சின்னம்மா, அம்மா போயிட்டாங்க. மத்தியானப் பிளேனுக்கு டிக்கெட் போட்டுட்டேன், வந்துடுங்க."

என் முதல் பிளேன். வழியனுப்ப ஆளில்லை. கவுண்டரில் நம் பெண் ஒருத்தி அக்கறையாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, வலது பக்கம் தரட்டா? பாலம் அழகா தெரியும். இடது பக்கம் இப்ப வெயில் மூஞ்சியிலேயே அடிக்கும்."

"வெயில்ல கருக்கறதுக்கு இனிமே என்னம்மா மிச்சம் இருக்கு? எனக்குப் பீச்சாங்கைப் பக்கம் குடு. இறக்கை மறைக்காத சன்னலா பாத்துக் குடு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முன்வரிசையிலேயே கொடுத்தாள்.

பிளேன் எழும்பியதும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். டவுன் வந்தது. படகுகள் அரிசி மணி. லைன் வீடுகள் இருந்த இடத்தில் ஏதோ உயரக் கட்டடம். திடல் மட்டும் அப்படியே இருந்தது, தபால்தலை அளவுக்கு. அதில் யானை நின்று துண்டை ஆட்டினாலும் தெரியாது. எட்டு வயதுக்காரியின் மூக்கா தெரியப்போகிறது?

அடிப் பாவி! இத்தனை வருஷம் ஏமாந்திருக்கிறேனே என்று சிரிப்பு வந்தது. நேரே போய் இன்றைக்கு அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். யாரைப் பார்க்கப் போகிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. பார்க்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து சீட்டு மலாய்க்காரப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் கண் கூசுகிறதா, சன்னலை மூடிவிடட்டுமா என்று அவள் பாஷையில் கேட்டாள்.

ஆமாம், வெயில்தான் என்று தலையாட்டினேன். அவள் நம்பிவிட்டாள்.