டாக்டரம்மா சொன்ன கோயில்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் அக்காள் பிள்ளைகள். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள், "மண்டைக்குள்ள இடி விழுந்தாப்பல இருக்குடி" என்றாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். வெயில் தாக்கிவிட்டது என்றார்கள். இந்த ஆடி வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

முத்தியால்பேட்டையில் எங்களுக்கு சைக்கிள் கடை. வீட்டுக்காரர் போன பிறகு பஞ்சர் ஒட்டியது நான்தான். வாசலில் தொங்கும் 'பஞ்சர் ஒட்டப்படும்' பலகையும் என் கையால் எழுதியது. நாற்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தேன், சும்மா வரவில்லை. அந்தப் பலகைதான் ஆடியில் ஒரு நாள் காலையில் இரண்டாகத் தெரிந்தது. ஒன்று நின்றது, இன்னொன்று பக்கத்தில் மிதந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"ஆயா, ஒரு கண்ணு தூங்குது, ஒரு கண்ணு முழிச்சிருக்கு. எத நம்பறது?" என்றாள் பேத்தி. சிரித்துக்கொண்டே கேட்டவள், தொங்கிய இமையைத் தொட்டுப் பார்த்ததும் உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா படம் காட்டினார். ரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு உப்பல்.

"ரத்தம் மோதி மோதி சுவர் மெலிஞ்சு உப்பியிருக்கும்மா. வளந்து கண்ணு நரம்ப அழுத்துது. வெடிச்சா ஆபத்து."

எனக்கா தெரியாது? டயர் கிழிந்த இடத்தில் டியூப் இப்படித்தான் பிதுங்கும். பிதுங்கப் பிதுங்க மெலியும்.

"எங்க அக்காவுக்கும் இதுதானா?"

"இருக்கலாம்மா. சில குடும்பத்துல வரும். நாளைக்கே கோயில் வச்சிடலாம்."

என் காதில் அப்படித்தான் விழுந்தது. "வைங்க டாக்டரம்மா, வீராம்பட்டினத்து ஆத்தாவுக்கு நான் கூழ் ஊத்தறேன்" என்றேன்.

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ ஆயா, அது காயில்! கம்பிச் சுருள். தொடையிலருந்து குழாய் விட்டு அந்த உப்பலுக்குள்ள சுருட்டி வைப்பாங்க. அப்புறம் ரத்தம் உள்ள போகாது."

"எழுத்து போயிடுமா?"

"சில பேருக்குப் பேச்சு, எழுத்து தடுமாறும்" என்றார் டாக்டரம்மா. "வைக்கலன்னா உயிருக்கே உத்தரவாதம் இல்ல."

உயிரைவிட எழுத்துதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மறுநாள் நர்ஸ் பெண் சம்மதக் காகிதத்தோடு மைப்பெட்டியை நீட்டினாள்.

"கைநாட்டா? பேனா குடுடி!"

மயக்க மருந்து ஏறியதும், காற்றடித்த டியூபைத் தண்ணீரில் முக்குவது போல யாரோ என்னை முக்கினார்கள். குமிழ் குமிழாக எழும்பியது. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு எழுத்து. ப போனது, ஞ் போனது. குழாயடியில் அக்காள் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து, ஈரத்தோடு கொடியில் உலர்த்தினாள். ஒன்றைக்கூட அவள் நழுவ விடவில்லை என்று நினைக்கிறேன். எண்ணிப் பார்ப்பதற்குள் எழுப்பிவிட்டார்கள்.

இமை இன்னும் பாதிதான் ஏறியிருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, பத்து நாளாக இதை எழுதினேன். எனக்கு எல்லா எழுத்தும் சரியாகத்தான் தெரிகிறது. எழுதியவளுக்கு அப்படித்தானே தெரியும்?

ஏ குட்டி, இங்க வா. மொதல் எழுத்துலருந்து படி. திருத்திப் படிக்காத, இருக்கறத இருக்கறபடி படி.