சிலுவை போட்டு ஏறியவர்

எசன் நகரில் ஒரு சிறிய கராஜில் அந்த மெக்கானிக்கைச் சந்தித்தேன். நரைத்த மீசை, முழங்கைவரை எண்ணெய்க் கறை. பழைய கார்களைச் சத்தம் கேட்டே திருத்துவார். புதுக் காரில் ஏறும்போது மட்டும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்.

அன்று காலை ஓட்டோபான் நெடுஞ்சாலையில், முன்னால் ஒன்றுமே இல்லாதபோது, என் புதுக் கார் தானாகவே பிரேக் போட்டுவிட்டது. பின்னால் வந்த லொறி மயிரிழையில் விலகியது. பின் இருக்கையில் என் இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். கணினி விஷயம் எனக்கு விளங்காது. பிள்ளைகளோடு நேரே அவரிடம் போனேன்.

அவர் மடிக்கணினியைப் பொருத்திப் பார்த்தார்.

"பிழை ஒண்டும் இல்லையெண்டு காட்டுது, தம்பி."

"நீங்கள் என்ன சொல்லுறியள், அண்ணை?"

"பழைய காரெண்டா நிக்கமுதல் இருமும், புகைக்கும். இது வாயே திறக்காது. வாங்கோ, ஓடிப் பாப்பம்."

பிள்ளைகளைக் கராஜ் பையனிடம் விட்டுவிட்டு நான் ஓட்ட, அவர் சிலுவை போட்டுவிட்டுப் பக்கத்தில் ஏறினார்.

"உங்களுக்குமா பயம்?"

"பயமில்லாமல்? எனக்கும் வீட்டிலை மனிசி இருக்கு. றோட்டைப் பாருங்கோ!"

அதே ஓட்டோபானில் போய் வந்தோம். கார் ஒருதரமும் தானாக நிற்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

"அப்ப பிள்ளையளை ஏத்தலாம்தானே, அண்ணை?"

அவர் காரை விட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து, பிள்ளைகளுக்கெனப் பூட்டியிருந்த இரண்டு சிறு இருக்கைகளையும் கழற்றி என் கையில் தந்தார்.

"ரயிலிலை கூட்டிக்கொண்டு போங்கோ."

கணினி பிழையில்லை என்றது. காரும் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்படியிருந்தும் அந்த மனிதர் எதைக் கண்டு பயந்தார் என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. இருக்கைகளைத் திரும்பப் பூட்டவும் துணிவில்லை.