திருடி வைத்த லில்லி

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே திருட்டுக்கு என்னை அனுப்பி வைத்தவள் என் அம்மா. சித்தூரில் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு அப்போது அவள்தான் செயலாளர். எனக்கு ஒன்பது வயது. களவு பெரிய பாவம் என்று ஞாயிறு பள்ளியில் கடகடவென்று ஒப்பித்து, பென்சில் டப்பா பரிசு வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுச் சந்தில் விழுந்துகொண்டிருந்த வெயில் மொத்தமும் போயிற்று. அம்மாவின் ரோஜாவும் சாமந்தியும் வரிசையாகச் செத்தன. நிழலிலும் செழிப்பாக வளரும் செடி எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான். இரண்டு தெரு தள்ளி, பெரியம்மா வீட்டு வேப்பமரத்தடியில் மண்டிக் கிடந்த லில்லி. பெயர்தான் லில்லி, ஓடைக்கரையில் தானாக முளைக்கிற நாட்டுச் செடி அது. வைத்தியர்கள் விஷமூங்கில் என்பார்கள். வெங்காயம் போல ஒரு கிழங்கு, அகல அகலமாக இலை, நடுத்தண்டின் உச்சியில் கொத்தாக வெள்ளைப் பூ. பூக்கிற மாதங்களில் எங்கள் சபைக் கோயில் பீடத்தில் அந்தப் பூதான் இருக்கும்.

கேட்டிருந்தால் பெரியம்மா கூடை நிறையக் கொடுத்திருப்பாள். கேட்பதுதான் நடக்காது. அவள் மகளின் கல்யாணம் திருப்பதியில் நடந்தபோது, அம்மா பந்தியில் பிரியாணி வாளியோடு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மேடையில் குடும்பப் படம் எடுத்துவிட்டார்கள். ஆல்பம் வந்தது. அம்மா அதில் இல்லை. அன்றோடு அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோயிலில் முன்பின் பெஞ்சுகளில் உட்கார்ந்து, ஒரே பாட்டை முகம் பார்க்காமல் பாடுவார்கள். சண்டை பெரியவர்களுக்குத்தான். நான் டிவி பார்க்க தினமும் அங்கே போவேன்.

"கேட்டு வாங்கின செடி புடிக்காதுடி. திருடிக்கினு வந்து நட்டாத்தான் புடிக்கும்," என்றாள் அம்மா. ஊரில் பலருக்கும் உள்ள நம்பிக்கைதான்.

"பாவமாச்சேம்மா?"

"செடிக்கெல்லாம் பாவம் கெடையாது. போடி."

தாய்க்கிழங்கைத் தொடாமல், பக்கத்தில் முளைத்திருக்கும் குட்டியை வேரோடு எடுக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கொடுத்து அனுப்பினாள். மண் கல்லாட்டம் கிடந்தது. நாலு குத்து குத்துவதற்குள் கரண்டி வளைந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பின்வாசலில் பெரியம்மா.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"பந்து வுழுந்துடுச்சு பெரியம்மா."

அவள் கரண்டியைப் பார்த்தாள். உள்ளே போய், குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, சரியாக நான் குத்திய இடத்திலேயே ஊற்றினாள். "நாளைக்கி வந்து தேடு. கெடைக்கும்."

மறுநாள் மண் பொலபொலவென்று இருந்தது. இழுத்ததும் ஒரு குட்டி கையோடு வந்துவிட்டது, ஒரு வேர்கூட அறாமல். இலைகள் மட்டும் பாதிதான் இருந்தன. ஆண்டவர் திருடர்களுக்கும் ஒத்தாசை செய்கிறாரே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு, பாவாடையில் மறைத்து ஓடிவந்தேன்.

"மீதி எலை எங்கடி?" என்றாள் அம்மா.

"ஆடு மேஞ்சுட்டிருக்கும்."

"இத ஆடு மோந்துகூடப் பாக்காது." வெட்டுப்பட்ட விளிம்பை விரலால் தடவினாள். கத்தியால் நறுக்கியது போல நேராக இருந்தது. இடம் மாற்றி நடும் கன்றுக்கு இலையைப் பாதியாக வெட்டிவிட்டால் வாடாமல் வேர் பிடிக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. "பெரியம்மா பாத்தாங்களா?"

"இல்லவே இல்ல."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாட்டிக்கொள்வோமோ என்று அவளும் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

சந்தில் ஆழமாகக் குழி தோண்டி நட்டாள். பத்தே நாளில் இலை மஞ்சளாகிவிட்டது. எனக்குக் குற்ற உணர்ச்சி, திருட்டுச் செடி அல்லவா! அன்று சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பெரியம்மா சொன்னாள்: "உங்கம்மா கழுத்து வரைக்கும் பொதைச்சிருப்பா. அவ எத நட்டாலும் அப்டித்தான். கெழங்கோட கழுத்து வெளிய தெரியணும்னு சொல்லு. இல்லாட்டி அழுகிடும்."

அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். "மாட்டிக்கினோம்மா! பெரியம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு!"

என்ன சொன்னாள் என்று கேட்டாள் அம்மா. சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். "அவ எத நட்டாலும் அப்டித்தான்" என்பதை மட்டும் மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். நான் முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன்.

அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் சந்துக்குள் வந்தார்கள். பெரியம்மா கையில் களைக்கொத்து.

"இவ்ளோ ஆழமாவா நடுவாங்க? அறிவு கீதா ஒனக்கு?"

"சாஞ்சிடுமேன்னு நட்டேன்க்கா."

அந்தச் செடியின் குட்டிக்குக் குட்டி இப்போது ரேணிகுண்டாவில் என் வீட்டுப் படிக்கட்டு நிழலில் இருக்கிறது. அது பூக்கும்போதெல்லாம், மண்ணில் குந்தி உட்கார்ந்து விடாமல் வாயாடிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரையும் மறுபடி பார்க்க மாட்டோமா என்று ஏங்கிப்போகிறேன். அன்று அம்மா "அக்கா" என்று கூப்பிட்டதை நான் காதில் வாங்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இரண்டு பேரில் யார் என்னை முதலில் அடிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.