கழுவிய கேனில் வந்த எண்ணெய்

மூலக்குளத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் லிஃப்ட் கம்பிக் கயிற்றில் தொங்குவதில்லை, எண்ணெயில் ஏறுவது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை, அதில் எண்ணெய்த் தொட்டி. பம்ப் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் ஒரு தண்டைத் தூக்கும், தண்டு எங்களைத் தூக்கும். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன்தான். ஆனால் படித்ததெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்த முதல் மாதமே மறந்துபோனது. குடியிருப்போர் சங்கம் மட்டும் அந்தப் பட்டத்தை மறக்கவில்லை. என்னைச் செயலாளராக்கி, லிஃப்டைத் தலையில் கட்டினார்கள்.

சங்கத் தலைவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், நான்காவது மாடிக்காரர். எல்லோரும் அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வேலையை முடித்துவிட்டால் "வொய்லா!", அதாவது இதோ ஆயிற்று என்பார். கெடுத்துவிட்டால் "பா த ப்ரொப்ளேம்", அதாவது பிரச்சினை ஒன்றுமில்லை என்பார். இரண்டாவதைத்தான் நாங்கள் அதிகம் கேட்டிருக்கிறோம்.

லிஃப்டைச் சர்வீஸ் செய்ய வருகிறவர் பேச்சில் கெட்டிக்காரர். முதல் முறை வந்தபோதே எனக்குப் பாடம் எடுத்தார்.

"சார், எண்ணெ பழசாயி கெடறதவிட அழுக்காயி கெடறதுதான் ஜாஸ்தி. கண்ணுக்கே தெரியாத தூசி வால்வுல போய் உக்காந்தா போதும், லிஃப்ட் அப்படியே நின்னுடும். மேல போறப்ப தொட்டியில எண்ணெ எறங்குதா, அந்த எடத்துக்கு வெளிக்காத்த உள்ள இழுக்கும். இந்த மூடிக்குள்ள ஃபில்டர் இருக்கு. இதான் தொட்டிக்கு மூக்கு. தொறந்து போடாதீங்க. ரூம்ல எதையும் வெக்காதீங்க."

சொல்லிவிட்டு, பாக்கெட்டில் இருந்து கைக்குட்டையை எடுத்து எண்ணெய் அளக்கும் குச்சியைத் துடைத்தார். குச்சியைத் தொட்டிக்குள் விட்டார். அதே கைக்குட்டையால் கழுத்து வியர்வையையும் துடைத்துக்கொண்டார். நான் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கூட்டத்தில், லிஃப்ட் அறையில் யாரும் சாமான் போடக்கூடாது என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். தட்டிய கைகளே மறுவாரம் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தன. இரண்டாவது மாடிக்காரர்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்கான வைக்கோல், மரத்தூள், மூக்குடைந்த ஆடுகள் எல்லாவற்றையும் வைத்தார்கள். முதல் மாடியில் இருந்து கொலுப்படிகள் வந்து சேர்ந்தன. தரைத்தளத்தில் டைல்ஸ் மாற்றியவர் மிச்சமான சிமெண்ட் மூட்டையை வைத்தார். மத நல்லிணக்கம் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் அந்த அறையை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். எல்லா மதத்துத் தூசியும் ஒரே தொட்டியில் சமமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் லிஃப்ட் உதற ஆரம்பித்தது, பள்ளத்தில் விழுந்து எழுகிற டவுன் பஸ் மாதிரி. சர்வீஸ்காரர் போனை எடுக்கவில்லை. முசியே தானே களத்தில் இறங்கினார். எண்ணெய் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, கடையில் சில்லறையாக வாங்கி வந்து ஊற்றிவிட்டாராம். அதை அவர் எப்படி ஊற்றினார் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது மாடியில் மதாம் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவர், படியிறங்க முடியாது. அன்று சர்ச்சில் பூசைக்குப் போக லிஃப்டில் ஏறினார். உள்ளே ஏற்கெனவே முசியே இருந்தார். இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

பால் வாங்கப் படியிறங்கிக்கொண்டிருந்த நான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு நின்றேன்.

"வெளிய யாரு?" மதாமின் குரல்.

"செயலாளர் மதாம்."

"இன்ஜினியரிங் படிச்சவர்தான? இறக்குங்க."

"சர்வீஸ்காரருக்குப் போன் போடறேன் மதாம்."

"அதுக்கு எதுக்கு இன்ஜினியரு?"

உள்ளே இருந்து முசியே தைரியம் சொன்னார். "பா த ப்ரொப்ளேம் மதாம். முந்தாநேத்துதான் எண்ணெ ஊத்தனேன். ஃபுல்லா இருக்கு."

"எதுல வாங்கியாந்தீங்க?"

"தண்ணி கேன்ல. சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டுத்தான்."

"காய வெச்சீங்களா?"

"மழைல எங்க மதாம் காயும்?"

"அப்ப எண்ணெயோட தண்ணியும் ஊத்தியிருக்கீங்க."

"கொஞ்சூண்டு இருந்திருக்கும்."

"ஊத்திட்டு மூடுனீங்களா?"

இதற்குள் படிக்கட்டில் பாதிக் குடியிருப்பு கூடிவிட்டது. முசியேவின் குரல் இறங்கியது. "மூடி கைதவறி சந்துல விழுந்துட்டுது. துண்டு வெச்சு அடைச்சிருக்கேன். பழைய துண்டுதான், நூல் நூலா வரும். ஆனா தொவச்சது."

"என் முட்டிக்குள்ளயும் இரும்புதான் வெச்சிருக்காங்க முசியே. நல்லவேளை, டாக்டர் அதைத் துண்டு வெச்சு அடைக்கல."

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். கொலுப்படிக்காரர்தான்.

ஒருவழியாகச் சர்வீஸ்காரர் போனை எடுத்தார். பம்ப் பக்கத்தில் இருக்கும் சிவப்புக் குமிழை மெதுவாக அழுத்தினால் லிஃப்ட் தானே இறங்கும் என்றார். குமிழ் அறையின் கடைசியில் இருந்தது. வைக்கோலைத் தாண்டி, ஆடுகளை மிதித்து, கொலுப்படிகளுக்கு நடுவில் நுழைந்தேன். கால் பட்டுச் சிமெண்ட் மூட்டை கிழிந்து அறையே புகைந்தது. தொட்டியின் வாயில் இருந்து துண்டு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. அவர் சொன்னபடியே குமிழை மெதுவாக அழுத்தினேன். ஒரு பெருமூச்சு விட்டு லிஃப்ட் இறங்கியது.

மதாம் பூசைக்குப் போகவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக அந்த அறை வாசலுக்கு வந்தார். வைக்கோல், ஆடு, படி, மூட்டை, சிமெண்ட் பூசிய நான் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார்.

"சாவி?"

கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டார். யாரும் தீர்மானம் நிறைவேற்றவில்லை, கையும் தட்டவில்லை.

மறுநாள் சர்வீஸ்காரர் எண்ணெய் முழுவதையும் வடித்துத் தொட்டியைக் கழுவித் துடைத்தார். ஃபில்டரை மாற்றி, புது எண்ணெயையும் ஒரு வடிகட்டும் மெஷின் வழியாகவே உள்ளே ஏற்றினார். மதாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தூசியைப் பற்றிய தன் பிரசங்கத்தைத் தொடங்கியபடியே சர்வீஸ்காரர் கைக்குட்டையை உருவினார்.

"அது பாக்கெட்டுக்குள்ள போகட்டும்," என்றார் மதாம்.

"சுத்தமானதுதான் மதாம்."

"இந்த பில்டிங்ல அந்த வார்த்தையே வேணாம். நூல் விடாத துணி எடுத்துட்டு வாங்க."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். எங்கள் சங்கம் இத்தனை வருடத்தில் யாரையும் இவ்வளவு வேகமாக ஓடவைத்ததில்லை.

இப்போது லிஃப்ட் வழுக்கிக்கொண்டு போகிறது. அறையில் எண்ணெய்த் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை. எங்கள் வீடுகளில் எதுவும் அவ்வளவு சுத்தமாக இல்லை. வைக்கோலும் கொலுப்படியும் "தற்காலிகமாக" என் பால்கனிக்கு வந்து தங்கிவிட்டன, செயலாளர் வீடுதானே என்று. துணி காயப்போட என் மனைவி மொட்டைமாடிக்குப் போகிறாள். போகும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

முசியே சில வாரம் லிஃப்டில் ஏறவே இல்லை. படியேறுவது உடம்புக்கு நல்லது என்றார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கி நிற்பார். மதாம் கதவைத் திறந்து தண்ணீர் கொடுப்பார். ஒரு நாள், உங்கள் முட்டியும் போனால் அடுத்த ஆபரேஷன் உங்களுக்குத்தான் என்று அதட்டி லிஃப்டில் அனுப்பிவைத்தார். அந்த மாதக் கூட்டத்தில் முசியே தலைவர் பதவியை விட்டு விலகுவதாகச் சொன்னார். அடுத்து யார் என்று கேட்டதும் எல்லோரும் மதாமைப் பார்த்தார்கள். மதாம் என்னைப் பார்த்தார். எனக்கு அவசரமாக ஒரு போன் வந்தது போல் எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்தபோது முசியேவையே மறுபடி தேர்ந்தெடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.