இடது கையால் பரிமாறிய பொம்மை

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் பாரிவாக்கத்துக்கு சர்க்கார் வேன் வந்து இலவசமாகப் படம் காட்டும். கம்பங்கள் நட்டு நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். துணிக்கு முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். யார் போட்ட சட்டமோ தெரியாது. பெண்கள் நாங்கள் பார்த்த படமெல்லாம் இடம் வலம் மாறிய படம்தான். திரையில் எழுத்து வந்தால், பள்ளியிறுதி பாஸ் செய்த எனக்கும் படிக்க வராது.

அந்த வருஷம் அம்பத்தூரில் மின்விசிறிக்குக் கம்பி சுற்றும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். நைனா, அதாவது என் அப்பா, பிடி கொடுக்காமல் இருந்தார். அந்த நேரம் பார்த்து வேன் வந்து தொலைத்தது.

முதலில் ஒரு பொம்மைப் படம் போட்டார்கள். வரைந்த மனிதர்கள் நடமாடுகிற படம். நல்ல குடும்பம் என்றால் இதுதான் என்றது ஒலிபெருக்கி. அப்பா பொம்மை பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனது. பையன் பொம்மை படித்தது, பட்டம் விட்டது. பெண் பொம்மை பெருக்கியது. அம்மா பொம்மை பரிமாறியது, பரிமாறியது, பரிமாறிக்கொண்டே இருந்தது. வரைகிறவன் நினைத்தால் எருமையைக்கூடப் பறக்க விடலாம். ஒரு பெண்ணை பஸ் ஏற்றிவிட மட்டும் அவனுக்குக் கை வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் நைனா தீர்ப்பு சொன்னார்.

“சர்க்காரே படம் போட்டுக் காட்டுது. பொம்பள ஊட்டப் பாத்துக்கினு கீறா. உனக்கு இன்னாத்துக்குக் கம்பெனி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். எனக்காகப் பேசப் போகிறாள் என்று நம்பினேன்.

“எடது கையால சோறு போட்றா அவ. அவள போயி எம் பொண்ணுக்குக் காட்றியா?”

நைனா வலது கை என்றார். அம்மா இல்லவே இல்லை என்றாள். பிறகு தெருவே பிரிந்தது. ஆண்களெல்லாம் வலது, பெண்களெல்லாம் இடது. துணிக்குப் பின்னால் உட்கார்ந்தால் கை மாறித்தான் தெரியும் என்று நான் தொண்டை வறளச் சொன்னதை இரண்டு கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பொம்மைக்கு ஏன் வேறு வேலையே கிடையாது என்று கேட்க ஒரு நாதியில்லை. என் வேலை போய்க்கொண்டிருக்கிறது, இவர்கள் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் வேன் பக்கத்து ஊரான நசரத்பேட்டையில் நின்றது. நைனா சொன்னது பொய் என்று காட்டியே தீருவதென்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் திரைக்கு முன்னால், ஆண்கள் பக்கம் உட்கார்ந்தாள். சிலர் முறைத்தார்கள். அவள் அசையவில்லை. அதே படம் ஓடியது. பொம்மை வலது கையால்தான் பரிமாறியது. போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வீடு திரும்பினோம்.

எந்தக் கை என்று நைனா சிரித்துக்கொண்டே கேட்டார்.

“சோத்துக் கைதான். ஆனா கடசி வரிக்கும் அவ ஒரு வாய் துன்னல. அத்தப் பாத்தியா நீ? எம் பொண்ணு கம்பெனிக்குப் போவா.”

நைனா அதைப் பார்த்திருக்கவில்லை.

திங்கட்கிழமை விடியலில் அம்மா எனக்கும் நைனாவுக்கும் சோறு போட்டாள். நீயும் உட்காரம்மா என்றேன். நீங்க துன்னுங்க, நான் அப்பால துன்றேன் என்றாள். சம்பளம் வாங்கி வந்து கெஞ்சியும் பார்த்தேன், எத்தனையோ வருஷம் சண்டை போட்டும் பார்த்தேன். எங்களோடு அவள் உட்காரவே இல்லை.