சின்னவள் போட்ட தரை

கல் கிடங்கில் அவளைத் தண்ணியக்கா என்று சொன்னால்தான் தெரியும். எந்தக் கல்லைக் காட்டினாலும் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன் மேல் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பாள். காய்ந்த கல் பொய் சொல்லும், நனைந்த கல்தான் உண்மை நிறத்தைக் காட்டும் என்பது அவள் கட்சி. பத்தொன்பது வயதில் அதே கிடங்கில் கற்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, வீடுகளின் வரவேற்பறையை வடிவமைத்துக் கொடுக்கிற நிறுவனமொன்றில் எல்லோரும் கேட்டு நடக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். பட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. வெறும் தரையில் சாக்பீஸால் சோபாவையும் மேசையையும் வரைந்து, வீட்டுக்காரர்களை அதற்கு நடுவே நடக்கவிடுவாள். யாராவது கோட்டை மிதித்தால் அழித்து வேறிடத்தில் போடுவாள். அவள் போட்ட அறைகளில் யாரும் முழங்காலை இடித்துக்கொண்டதில்லை.

வீட்டில் அவள் மூத்த மருமகள். மாமியாருக்குப் பெரியவ. கொழுந்தன் கல்யாணம் செய்துகொண்டு கூட்டிவந்தவள் சின்னவ. சின்னவள் உள்ளலங்காரம் படித்தவள், கை நிறையச் சான்றிதழ்கள். "படிச்சிட்டு வீட்ல சும்மா இருக்கா சார், பாவம்" என்று முதலாளியிடம் சொல்லி அவளுக்கு வேலை வாங்கிக்கொடுத்ததே பெரியவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்தக் காரியத்தை அவள் அன்று முழு மனதோடு செய்தாள்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருடம் வாடிக்கையாளர்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பெரியவளைத் தாண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சின்னவள் கணினியில் ஓர் அறையை உருவாக்கிக் காட்டுவாள். கல் தரை பளபளக்கும், ஓரத்தில் ஒரு செடி நிற்கும், வெயில்கூட அவள் சொன்ன சன்னல் வழியாகத்தான் வரும். வடக்குப் பார்த்த வீட்டுக்குள் இவ்வளவு வெயில் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெரியவள் கேட்டாள், மனசுக்குள். சின்னவள் அவ்வப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, இந்தக் கல்லுக்குப் பக்கத்துல மரம் வெச்சா நல்லாருக்குமா?" என்று கேட்பாள். அந்தப் பணிவு பெரியவளுக்கு வேப்பெண்ணெய் மாதிரி இருந்தது. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

பொறாமைதான், வேறு பெயர் வேண்டாம். சின்னவள் சிரித்தால் வயிறு எரிந்தது, தும்மினால்கூட எரிந்தது. குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, பேருந்தில் நிற்கும்போதெல்லாம் சின்னவளின் அறைகளில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் புருஷனிடம் அதை ஆரம்பிக்க, அவர் செய்தித்தாளை இறக்காமலே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். இரண்டு நாள் அவருக்குச் சோறு மட்டும் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது சொந்த வீட்டுக் கூடத்தால்.

கூட்டுக் குடும்பம் அது. எல்லோரும் வந்து உட்காரும் பெரிய கூடத்தின் பழைய சிமெண்டுத் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தை அவள் மனசில் கட்டிவைத்திருந்தாள். கரும்பச்சைக் கல், பாலிஷ் போடாமல், பாதம் பட்டால் சொரசொரப்புத் தெரிகிற மாதிரி. சோபா சன்னலைப் பார்த்து. மாமியாருக்கு முதுகு சாய உயரமான நாற்காலி, சுவரோரம். ஊரார் வீட்டுக் கூடமெல்லாம் செய்தவள் தன் வீட்டுக் கூடத்தைச் செய்யக் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமியார் சாதாரணமாகச் சொன்னார். "சின்னவ ஃபோன்ல ஒரு படம் காட்டினா. பால் மாதிரி வெள்ளைத் தரை. பாத்ததும் மனசு நெறைஞ்சு போச்சு. அதையே போட்டுடலாம். நீ என்ன சொல்ற பெரியவளே?"

"தாராளமா போடுங்க அத்தை" என்று பெரியவள் சொன்னாள். மீதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.

சின்னவள் தேர்ந்தெடுத்தது வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல். அழகான கல், ஆனால் மென்மையானது. மேலே கொட்டினாலும் உறிஞ்சும், கீழே பூசினாலும் உறிஞ்சும். அப்படிப்பட்ட கல்லைப் பதிக்கும் முன் தரையில் வெறுமனே பரப்பிப் பார்ப்பார்கள். ஒரு கல்லில் ஓடும் ரேகை அடுத்த கல்லுக்குள் இயல்பாகப் போகும்வரை மாற்றி மாற்றி வைப்பார்கள். பிறகு ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் எண் எழுதி, அடுக்கி வைத்து, அதே வரிசையில் ஒட்டுவார்கள்.

அந்த எண்களைப் பென்சிலால் எழுத வேண்டும். மையால் எழுதினால் ஒட்டுக் கலவையின் ஈரம் மையை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கல்லுக்குள் ஏறும். சில வாரங்கள் கழித்து மேல்பக்கத்தில் கறையாக வந்து நிற்கும். துடைத்தாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. கறுப்புக் கல்லிலோ டைல்ஸிலோ இந்தத் தொல்லை இல்லை. சின்னவள் பிடித்திருந்த மேஸ்திரி டைல்ஸ் போட்டே காலம் தள்ளியவர்.

கற்களைப் பரப்பி முடித்த நாளன்று பெரியவள் மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கூடத்துக்குள் போனாள். தரை முழுக்கக் கல், ரேகைகள் வாசலிலிருந்து சன்னல் வரை தடங்கலில்லாமல் ஓடின. குறை சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. குனிந்து ஒரு கல்லைப் புரட்டினாள். சிவப்பு மார்க்கரில் கொட்டையாக ஏழு என்று எழுதியிருந்தது.

மேஸ்திரி கைகழுவப் போயிருந்தார். சின்னவள் முகத்தில் தூசியோடு, முழங்காலில் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டிக்கா இருக்கு?"

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. மையைச் சுரண்டிவிட்டுப் பென்சிலால் எழுது. அரை மணி நேர வேலை. பெரியவள் கல்லைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

தரை பதித்து முடிந்ததும் வீடு மாறிப்போனது. மாமியார் செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லி வருகிறவர் போகிறவரை எல்லாம் அதட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதலாளி ஒரு வாடிக்கையாளரையே கூட்டிவந்து காட்டினார். அவர்கள் சின்னவளைப் பாராட்டும்போதெல்லாம் பெரியவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, விளக்கைப் போட்டு, தரையைக் குனிந்து பார்ப்பாள். கறை இல்லையென்றால் ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தைக் கண்டு தன் மேலேயே அருவருப்பு. மறுநாளும் எழுந்து பார்ப்பாள்.

ஐந்தாவது வாரம் சன்னலோரக் கல்லில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்று மாமியார் துடைத்துப் பார்த்தார். அடுத்த நாள் பக்கத்துக் கல்லில் வந்தது. வார முடிவுக்குள் கூடம் முழுக்க வந்துவிட்டது, அம்மை போட்ட உடம்பு மாதிரி. சில இடங்களில் எண்களே திருப்பி எழுதியதுபோல மங்கலாகத் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கொழுந்தன் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தான். மாமியார் பெருமூச்சு விட்டார்.

"என் புத்திதான். வீட்லயே கல்லைக் கரைச்சுக் குடிச்சவ ஒருத்தி இருக்கறப்ப, படத்தைப் பாத்து மயங்கிட்டேன். பெரியவளே, இதைப் பேத்துட்டு நீயே போட்டுக் குடு. உன் இஷ்டம் எதுவோ அது."

இத்தனை வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. கரும்பச்சைக் கல் ஒரு கணம் கண்முன் விரிந்துவிட்டுத்தான் போனது. பொய் சொல்வானேன், சந்தோஷம் வந்தது.

"மேஸ்திரியத் திட்டாதீங்க" என்றாள் சின்னவள் மூக்கை உறிஞ்சியபடி. "அவரு பென்சிலா மார்க்கரான்னு கேட்டாரு. அப்ப பத்துக் கல்லுலதான் எழுதியிருந்தோம். அக்கா அதுல ஒண்ணைப் புரட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அக்காவே பாத்துட்டாங்க, மார்க்கர்லயே எழுதுங்கன்னு நான்தான் மீதி எல்லாத்துலயும் எழுத வெச்சேன்." பெரியவள் பக்கம் திரும்பினாள். "சரியாக் காட்டிருக்கணும்கா நான். உங்களுக்கு வெளிச்சம் பத்தியிருக்காது."

தப்பிக்கிற வழியையும் அவளே போட்டுக்கொடுத்துவிட்டாள். வெளிச்சம் போதவில்லை என்று தலையாட்டினால் முடிந்தது. மாமியாரும் அதைத்தான் எதிர்பார்த்தார். பெரியவள் புருஷன் மட்டும் அவளை உற்றுப் பார்த்தார். பட்டப்பகலில் அவள் கண்ணுக்கு ஒரு கல் தப்பாது என்று அவருக்குத் தெரியும்.

"வெளிச்சம் இருந்துச்சு" என்றாள் பெரியவள். "சிவப்பு மை. ஏழுன்னு எழுதியிருந்துச்சு. மேல வரும்னு தெரிஞ்சுதான் கவுத்து வெச்சேன்."

மாமியார் எழுந்து அறைக்குள் போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏன்க்கா?" என்று சின்னவள் கேட்டாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"எல்லாரும் உன்னையே கேட்டாங்க. ஆபீஸ்ல, இங்க, எல்லா எடத்துலயும். என்னால தாங்க முடியல."

சின்னவள் அவளைப் பார்த்தாள். பிறகு பார்வை தரைக்குப் போனது, சன்னலோரக் கல்லிலிருந்து வாசல்வரை, ஒவ்வொரு கல்லாக. அவள் அழுகை நின்றிருந்தது. அவள் அழுதுகொண்டே இருந்திருந்தால் தேவலை என்று பெரியவளுக்குப் பட்டது.