கடைசி அத்தியாயமும் முதல் நடையும்

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். நன்றாக வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவளுக்கு, எங்கள் வாசிப்புக் குழுவில் பட்டினச்சேரி மீனவக் குப்பத்துக்காரி ஒருத்தி ஒரே நாவலை வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரைக்கால் கடற்கரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். சுண்டலை வாங்கி நடுவில் வைத்துக்கொண்டு, அந்த வாரம் எழுதியதை ஆளுக்குக் கொஞ்சம் வாசிப்போம். அவள் என்னைவிடச் சின்னவள். வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். புருஷன் விசைப்படகில் டிரைவர். நாவல் முழுவதும் அவள் போனுக்குள்தான் இருந்தது. முதல் நாள் அவள் வாசித்தது, கடலுக்குப் போகிறவனுக்கு அவன் மனைவி பை கட்டிக் கொடுக்கும் இடம். வெற்றிலை, மாத்திரை, ஒரு பழைய போர்வை, அவ்வளவுதான். சுண்டல் என் கையிலேயே ஆறிப்போனது. அடிப்பாவி, இப்படிக்கூட எழுதலாமா என்று பொறாமையாக இருந்தது. அன்றிலிருந்து நான் அவளுடைய ரசிகை.

நாவலில் வரும் அந்த மீனவன் கடைசியில் கடலில் செத்துப்போக வேண்டும். நாவல் அதை நோக்கித்தான் போகிறது. மற்ற எல்லாம் எழுதியாகிவிட்டது, அந்த ஒரு அத்தியாயம் மட்டும் நிற்கிறது. சென்னையில் ஒரு பதிப்பாளர், ஜூன் முடிவதற்குள் முழுசாக அனுப்பினால் இந்த வருடமே போட்டுவிடலாம், இல்லாவிட்டால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“உக்காந்து எழுதேம்மா. என்ன கஷ்டம் உனக்கு?”

“அவரு கடல்ல இருக்கறப்ப எங்க வீட்ல சாவுப் பேச்சே எடுக்க மாட்டோம்க்கா. நான் எப்டி ஒருத்தன மூழ்கடிக்கிறது?”

“பேசத்தானே கூடாது? எழுதலாம்ல?”

“ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பாத்துட்டுத்தான எழுதுவேன்? சொல்லாம எழுதுனா எனக்கு வராது.”

அது உண்மை. அவளுடைய வாக்கியங்களில் மூச்சு இருப்பதே அதனால்தான். அவர் கரைக்கு வருகிற ஒரு நாளில் எழுதலாமே என்றேன். வலை வேலை, துவையல், சமையல், அவருடைய தூக்கம், இதற்கு நடுவில் ஒருவனைச் சாகடிக்க நேரம் எங்கே என்று சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம்! “அப்ப கடல்ல வேணாம். அவன எங்க குரும்பகரத்துக்குக் கூட்டிட்டு வா, வயல்ல பாம்பு கடிச்சுச் சாகட்டும்,” என்றேன்.

“உங்க ஊரு ஆம்பளைங்கள நீங்க சாவடிச்சுக்குங்கக்கா. என் ஆளு கடல்லதான் போவான்,” என்றாள்.

ஆக, மீன்பிடித் தடைக்காலத்துக்காகக் காத்திருந்தோம். சித்திரையில் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போட்டார்கள். புருஷன் வீட்டோடு இருந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பார்த்தால், மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை இருக்கிற வீட்டிலும் சாவைப் பேச மாட்டார்களாம். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் தடைக்காலம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. பிறகு வெறி பிடித்த மாதிரி எழுதினாள். அவன் மூழ்குவது வரை வந்தாள். கரையில் இருக்கிற மனைவிக்குச் செய்தி வரும் இடம் மட்டும் பாக்கி. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். அதற்குள் தடை முடிந்து படகுகள் கிளம்பிவிட்டன.

மறுநாள் காலையில் பட்டினச்சேரிக்குப் போனேன். ஆறுதல் சொல்லத்தான் கிளம்பினேன். போகிற வழியிலேயே அது திட்டாக மாறிவிட்டது. இந்த வருடமும் போச்சு என்று வயிறு எரிந்தது.

வாசலில் அவள் புருஷன் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு மாதம் ஓய்ந்து கிடந்த கடலில் முதல் நடைக்குத்தான் மீன் அள்ளும். அதை எந்த டிரைவரும் விட மாட்டார்.

“நீங்க போகலையா தம்பி?”

“இடுப்பு புடிச்சிக்கிச்சுக்கா. வேற ஆள ஏத்தி அனுப்பிட்டாங்க,” என்றவர், குரலைத் தாழ்த்தி, “மெதுவாப் பேசுங்க. உள்ள எழுதிக்கிட்டிருக்கு,” என்றார்.

அப்புறம் எழுந்துபோய், குழாயடியிலிருந்து நிறைகுடத்தை ஒரே தூக்காகத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். இடுப்புப் பிடிப்பின் லட்சணம் எனக்குப் புரிந்துவிட்டது. திட்ட வந்தவள் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் வெங்காயம் உரித்தேன்.

உள்ளே அவள் குரல் கேட்டது. ஒரு வரியைச் சொன்னாள், நிறுத்தினாள், ஒரு சொல்லை மாற்றி மறுபடியும் சொன்னாள். கதையில் அந்த மீனவனின் மனைவியிடம் நாலு பேர் வந்து, யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவளே அடுப்பை அணைத்துவிடுகிறாள். நான் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. இவ்வளவு பெரிய எழுத்தும், அதற்குக் காவலாக இப்படி ஒரு மனுஷனும் ஒரே வீட்டிலா என்று மலைப்பாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு அவள் வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“முடிஞ்சிச்சா?” என்று அவர் கேட்டார்.

“ம்.”

“போயிட்டானா?”

“போயிட்டான்.”

அவர் கையைக் கழுவி லுங்கியில் துடைத்துக்கொண்டார். “நாளைக்குக் கெளம்புற போட்டு ஒண்ணுல ஆள் கேட்டாங்க. அப்ப நான் போலாம்ல?”

அவள் குனிந்து, உரித்து வைத்த வெங்காயத்தை அள்ளி எடுத்துக்கொண்டாள். பிறகு, “போயிட்டு வாங்க,” என்றாள்.